நினைவாக

சட்டை போடும் நாளுக்கும் புடவை கட்டும் நாளுக்கும் பொதுவாகத் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர், துளிர். அக்கா செண்பகம் புது வீட்டில் பால் காய்ச்சியபோது கூப்பிடவில்லை. மனசு கேட்காமல் எவர்சில்வர் குடம் ஒன்று வாங்கி, பாத்திரக்கடையில் 'அன்புடன் துளிர்' என்று பெயர் வெட்டச் சொல்லி, பஸ்ஸில் போட்டு அனுப்பினார். வந்து சேர்ந்தது என்றுகூட அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்றுதான் முதல்முறையாக அந்த வீட்டுப் படியேறினார், புடவையில். கூடத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் உட்கார்ந்திருந்தார். "கூடப் படிச்சவ," என்று அக்கா முந்திக்கொண்டாள்.

குடிக்கத் தண்ணீர் மொண்டது அந்தக் குடத்திலிருந்துதான். கழுத்தில் 'துளிர்' என்று இருந்த இடத்தைச் சுரண்டியிருந்தார்கள், சொரசொரவென்று கிடந்தது. அதற்குக் கீழே, வீட்டில் வைத்த பழைய பெயரைப் புதிதாக வெட்டி, பக்கத்தில் 'நினைவாக' என்று சேர்த்திருந்தார்கள்.

துளிர் அதையே பார்ப்பதைக் கண்டு பக்கத்து வீட்டு அம்மாள் உச்சுக்கொட்டினார். "இவளுக்கு ஒரே தம்பியாம். தங்கமான புள்ளையாம். நீ பார்த்திருக்கியாம்மா?"

அடுப்படி வாசலில் நின்ற அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். துளிர் தம்ளரில் இருந்த தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"பார்த்திருக்கேம்மா. அக்கான்னா உசுரு அவனுக்கு." தம்ளரைக் குடத்தின்மேல் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தார். "எப்படிச் செத்தான்னுதான் எனக்கு யாரும் சொல்லல. நீ சொல்லேன், செண்பகம்."