பனியின் நிறம்

மார்கழி பிறந்து பத்து நாளாகியும் ஒரு படம்கூடத் தேறவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த மலையைப் பனி முழுசாக மூடிவிட்டது. பாதி மயிர் கொட்டிப்போன தூரிகை ஜன்னல் பக்கம் எட்டி எட்டிப் பார்த்தது. இன்றும் படம் தேறாவிட்டால், ஓவியர் அதை ஜன்னல் கம்பி துடைக்கப் போட்டுவிடுவார்.

"மலையே காணோம். எதை வரைவது?" என்றது தூரிகை.

"பனியை வரையேன்" என்றது பக்கத்தில் இருந்த தண்ணீர்க் குவளை. பத்து நாளாகத் தூரிகையைக் கழுவியதில் அதன் தண்ணீர் கலங்கிக் கிடந்தது.

"பனிக்கு ஏது நிறம்? பெட்டியில் இருக்கும் பன்னிரண்டில் ஒன்றும் ஒத்துவராது. நீ சும்மா கிட, அழுக்குமூட்டை!"

"அழுக்கு யாருடையது தம்பி? எல்லாம் நீ கழுவிவிட்டதுதானே? பேசாமல் உள்ளே இறங்கு."

வேறு வழியில்லை. தூரிகை முங்கி எழுந்து, சொட்டச் சொட்டக் காகிதத்தில் ஓர் இழுப்பு இழுத்தது. சாம்பலும் இல்லை, நீலமும் இல்லை. ஜன்னலில் நின்ற அதே பனி காகிதத்தில் படர்ந்தது. அடுத்த முறை யாரும் சொல்லாமலே முங்கியது.

படம் முடிந்து பெட்டிக்குத் திரும்பியதும் வண்ணங்கள் மொய்த்துக்கொண்டன.

"அருமை! எங்களில் யாரைத் தொட்டாய்?"

"உங்களில் யாரையும் இல்லை" என்றது தூரிகை. "நம்ம குவளை அண்ணனை."