அநாதை என்றொரு எழுத்துரு

"அதை இறக்குங்க," என்றாள் வேர்லே.

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

கென்ட் நகரத்து அந்தக் கலைக் கல்லூரியில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சுவரில் மாட்டிய வேலையை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கிழிகிழியென்று கிழிக்கலாம், மாட்டியவனை அழவும் வைக்கலாம். இறக்கச் சொல்ல மட்டும் கூடாது.

சொல்லிவிட்டாள்.

சுவரில் இருந்தது சக மாணவன் வான்னெஸ் செய்த எழுத்துரு. ஆளுயரத் தாளில் ஏ முதல் இஸட் வரை, உருகி வழிந்து உறைந்துபோன தடித்த கறுப்பு எழுத்துகள். கீழே மேசையில் அவன் அதையெல்லாம் உருவி எடுத்த இரும்புத் தகடு. தகட்டில் வெல்டிங் கம்பியால் உருக்கி எழுதிய ஒரு பெயர்: யெல்லே.

நகரத்தில் சுற்றி, எந்த வடிவமைப்பாளர் கையும் படாத ஓர் எழுத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து முழு எழுத்துருவையும் உருவாக்க வேண்டும். இந்தப் பருவத்துக்கு அதுதான் வேலை. வேர்லே உருளைக்கிழங்கு வறுவல் கடைப் பலகை ஒன்றை எடுத்திருந்தாள்.

"சுத்தமா இருக்கு. ஆனா ரத்தம் இல்லையே," என்றார் ஆசிரியர் யோரிஸ்.

வான்னெஸ் இடுகாட்டுக்குப் பின்னால் உடைத்துக் கொட்டியிருந்த கல்லறைக் குவியலுக்குள் இறங்கியிருந்தான். அவனுடையதில் ரத்தம் இருந்தது.

வேர்லே வீட்டு ரத்தம்.

யெல்லே அவளுடைய தம்பி. உறைந்திருந்த கால்வாயில் பனிக்கட்டி உடைந்து உள்ளே போனவன். துறைமுகப் பட்டறையில் வெல்டராக இருந்த அப்பா, என் பிள்ளை பெயரை எந்தக் கல்தச்சனும் தொடக் கூடாது என்று கொட்டகையில் உட்கார்ந்து தானே எழுதினார். கை நடுங்கி, கடைசி எழுத்து மேலே ஏறிக்கொண்டது.

"இந்த நடுக்கம் இருக்கு பாருங்க, அதான் அழகே," என்று சற்றுமுன் வான்னெஸ் விளக்கியிருந்தான். "எல்லா எழுத்துலயும் அதைக் கொண்டுவந்திருக்கேன்."

எழுத்துருவுக்கு 'அநாதை' என்று பெயர் வைத்திருந்தான்.

மாலையில் கண்காட்சி. பெற்றோர்கள் வருவார்கள். குடும்பத்தில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த மகளைப் பார்க்க, ஆஸ்பத்திரித் தரை துடைக்கும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அம்மா வருகிறாள். அப்பாவும் கூட வருகிறார்.

அம்மா அந்தப் பெயரை அந்தச் சுவரில் பார்க்கக் கூடாது. வேர்லேவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"காரணம் சொல்லு," என்றார் யோரிஸ். "சும்மா இறக்க முடியாது."

அவள் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எடுத்துக்கொள்வார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதை நீயே பண்ணியிருக்கலாமே வேர்லே என்பார்கள்.

"செத்தவங்க பேரு அது. உனக்கு எவன் குடுத்தான்?" என்று வான்னெஸிடம் திரும்பினாள்.

வான்னெஸ் சிரித்தான். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டென்று கோபம் வராது.

"வறுவல்கடைக்கு இன்னிக்கு ஏன் இவ்வளவு எண்ணெய் கொதிக்குது? நான் ஒண்ணும் திருடலம்மா. குத்தகைத் தவணை முடிஞ்ச கல்லறை. வந்து புதுப்பிச்சுக்கோங்கன்னு ஒரு வருஷமா அறிவிப்பு கட்டித் தொங்கவிட்டிருக்காங்க. ஒருத்தரும் வரல. இடத்தை எடுத்துக்கிட்டாங்க. எல்லாக் கல்லறைக்கும் இங்க அதானே?"

"அறிவிப்புத் தாள் காத்துல பறந்திருக்கும்," என்றாள் வேர்லே.

"எங்க பறந்துச்சு? நான் எடுக்கும்போது தகட்டோட கட்டியே இருந்துச்சு. காவல்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுத்தேன். பக்கத்துக் கல்லறைக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை ஆனா ஆள் வருமாம். இதுக்கு வருஷக்கணக்கா ஒரு பூ வந்ததில்லையாம். அதான் அந்தப் பேரு வெச்சேன்."

வேர்லே தகட்டைப் பார்த்தாள்.

அடக்கத்தன்று இடுகாட்டு வாசலிலேயே மயங்கி விழுந்த அம்மா, அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. வேர்லேவும் போவதில்லை. அப்பாதான் போகிறாரே.

ஞாயிறு தவறாமல் போகிறார். மதியச் சாப்பாடு முடிந்ததும் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, அம்மா சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த பூங்கொத்தை எடுத்துக்கொள்வார். பையனைப் பார்த்துட்டு வரேன் என்பார். இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

"புல்லு வெட்டியிருக்காங்களா?" என்று கேட்பாள் அம்மா.

"வெட்டியிருக்காங்க. சுத்தமா இருக்கு."

அதைக் கேட்டால்தான் அம்மாவுக்கு அடுத்த வாரம் தொடங்கும்.

போன ஞாயிறும் கேட்டாள். சுத்தமாக இருப்பதாகத்தான் அப்பா சொன்னார். தகடு அப்போது வான்னெஸின் அறையில் கிடந்தது.

இத்தனை வருடத்துப் பூவும் யார் வீட்டு ஜாடிக்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்து யோரிஸ் பயந்துவிட்டார். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, தாளின் மேல்முனையில் கையை வைத்தார்.

"சரிம்மா. காரணமெல்லாம் வேண்டாம். இந்த ஒரு தடவை இறக்கிடறேன்."

"வேணாம்," என்றாள் வேர்லே. "இருக்கட்டும்."

மேசைக்குப் போய், தகட்டை இரண்டு கையாலும் தூக்கி, வாசலில் நுழைபவர்கள் கண்ணில் முதலில் படும்படி நிமிர்த்தி வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

அம்மாவுக்குக் கல்லூரிக்கு வழி தெரியாது. டிராமிலிருந்து இறங்கும் இரண்டு பேரையும் யாராவது உள்ளே கூட்டிவர வேண்டும்.