விருந்தாளியின் நாற்காலி

புரட்சி செய்து ராஜாவை விரட்டிய நாடு அது. அங்கே ஒரு கூட்டுப்பண்ணைக்கு நம்மூரிலிருந்து மாட்டு வைத்தியம் பார்க்கப் போன வேதவல்லிக்கு ஒரே ஒரு மனக்குறை. சனிக்கிழமைதோறும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒருவர் குறையை இன்னொருவர் எழுந்து சொல்வார். சொல்லப்பட்டவர் தலையாட்டி ஒப்புக்கொண்டு, மறுநாள் அதற்கு ஈடாக ஒரு வேலை செய்வார். அப்புறம் எல்லாரும் தோளில் கை போட்டுக்கொண்டு சூப் குடிப்பார்கள். அவள் முறை வந்தால் மட்டும் பண்ணைத் தலைவர், “விருந்தாளித் தோழரிடம் குறையே இல்லை” என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். மற்றவர்களுக்குப் பெஞ்சு, அவளுக்கு மெத்தை வைத்த தனி நாற்காலி. வேண்டுமென்றே தாமதமாகப் போய்ப் பார்த்தாள். கூட்டத்திலேயே தூங்கியும் பார்த்தாள். அதற்கும் கைதட்டினார்கள். கடைசிவரை விருந்தாளியாகவே இருந்து செத்துப்போவோமோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றைக்குச் சமையல்காரி மார்த்தா எழுந்தாள். “இந்தம்மா வந்ததுலேருந்து மிளகாய் ஜாடி நிறைஞ்சு நின்னதே இல்ல. ஊருக்கே வச்ச மிளகாய ஒருத்தரே தின்னா எப்படி?”

தலைவர் முகம் வெளிறியது. வேதவல்லி துள்ளி எழுந்தாள். “தப்புதான் தோழர். உங்க சூப்பு உறைக்கவே மாட்டேங்குது, நான் என்ன செய்ய?”

கூடமே சிரித்தது. மறுநாள் நாற்காலியைக் காணோம். அடுப்படிப் பெஞ்சில் மார்த்தாவை இடித்துக்கொண்டு உட்கார்ந்து வேதவல்லி உருளைக்கிழங்கு சீவினாள்.

“தோலை இவ்வளவு தடிமனா சீவுறியேடி. இரு, சனிக்கிழமை சொல்றேன்” என்றாள் மார்த்தா.

வேதவல்லி அடுத்த கிழங்கை இன்னும் கொஞ்சம் தடிமனாகச் சீவினாள்.