எத்தனை விரல்

அந்தக் கடிதத்தை இந்த மிஸ் ஒருமுறையாவது படித்திருப்பாரா என்று பெனிட்டா மனதுக்குள் குமுறினாள். குடலில் புண் உள்ள பிள்ளை, மலம் வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாங்காது, கேள்வி கேட்காமல் வெளியே அனுப்புங்கள் என்று டாக்டர் எழுதியிருந்தார். மிஸ் அதை வருகைப் பதிவேட்டில் பக்க அடையாளமாகச் செருகி வைத்திருந்தார். ஆறு வாரம் ஒரு பருக்கைச் சோறில்லாமல் மருந்துப் பாலை மட்டும் குடித்துவிட்டு அவள் வகுப்புக்குத் திரும்பி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இப்போது வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தார்கள். எழுந்தாள்.

"ஒண்ணா, ரெண்டா?" என்றார் மிஸ்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. சிறுநீருக்கு ஒரு விரல், மற்றதற்கு இரண்டு.

"அவளுக்குப் பத்து விரலும் பத்தாது மிஸ்!" என்றது கடைசி பெஞ்சு. மிஸ்ஸும் சிரித்துவிட்டார்.

"விரலக் காட்டிட்டுப் போடி. உனக்கு மட்டும் தனி ரூலா?"

ஒரு விரல் காட்டினால் போதும், விட்டுவிடுவார்கள். போன வருடம் முழுக்க அந்தப் பொய்யைத்தான் காட்டினாள். ஒண்ணுக்கு இவ்வளவு நேரமா என்று இரண்டே நிமிடத்தில் யாராவது வந்து கழிப்பறைக் கதவைத் தட்டுவார்கள். வலியோடு பாதியில் எழுந்து வருவாள். இரண்டைக் காட்டினால் மத்தியானம் வரை சிரிப்பார்கள்.

பெனிட்டா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள்.

"காட்ட மாட்டேன் மிஸ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கோத்த கையோடு வாசலை நோக்கி நடந்தாள்.