மடக்குக் கத்தியில் ஆட்டம்

நகரி வீட்டில் செங்கல்வராயன் மேஜை முன்னால் நாற்காலியிலும், மனைவி ரத்தினம்மா தரையிலும், மருமகன் ஹரிபாபு சுவரோடு ஒட்டிப்போட்ட ஸ்டூலிலும் உட்கார்ந்திருந்தார்கள். தன் புதுவீட்டுக்கு மாமனார் தம் தச்சுப்பட்டறையில் செய்து தருவதாகச் சொன்ன கதவு ‘வேண்டாம்’ என்று அவரிடம் சொல்ல வந்த ஹரிபாபுவுக்கு, உறவு முறிந்துவிடுமோ என்று வாய் வரவில்லை.

செங்கல்வராயன் புது மடக்குக் கத்தியை விரித்து அசைத்தார்.

“பாருங்க மாப்ள, பிளேடு ஆடுது. கம்பெனிக்கு லெட்டர் எழுதிக்கினு கீறேன்.”

“கொஞ்சம்தானே மாமா?”

“கொஞ்சமானாலும் ஆடுற சரக்கை வாங்கக் கூடாது.”

“செஞ்சவன் சொந்தக்காரனா இருந்தா?”

“பெத்த அப்பனா இருந்தாலும் வேணாம்னு சொல்லிடணும்.”

மேஜை ஆடி எழுத்து கோணியது. ரத்தினம்மா மேஜைக்காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்தாள். “உங்க மாமா பட்டறையில செஞ்சது எல்லாமே இப்படித்தான் மாப்ள, ஸ்டூலைப் புடிச்சிக்கோங்க.”

ஹரிபாபு கடிதத்தை வாங்கி உறையிலிட்டு ஒட்டினான்.

“நானே போஸ்ட் பண்றேன் மாமா. கதவுக்கும் நீங்க சொன்னபடியே வேற ஆளைப் பாத்துக்குறேன்.”