மயக்கம் தெளியும் நேரம்

"கனமா ஏதாவது தூக்குனீங்களாம்மா?" என்று டாக்டர் சசிதரன் மறுபடியும் கேட்டார்.

பஞ்சாலை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகெலும்பு அதில் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. நடுவே வெள்ளை வெள்ளையாகத் திருகாணிகள். அவற்றில் ஒன்றைச் சுற்றி மட்டும் கறுப்பாக ஒரு வளையம்.

அந்தத் திருகாணி ஆட்டம் கண்டுவிட்டது என்றார் டாக்டர். போன வருடம் சேர்த்துவைத்த எலும்புகள் ஒட்டுவதற்கு முன்னால் பெரிய பாரம் ஏதோ இழுத்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்தும் வலி திரும்பி வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

"ஒரு சாக்கு," என்றாள் பஞ்சாலை. "செம்பனை உதிரிப்பழம் பொறுக்குன சாக்கு. ஒரே தடவதான்."

பக்கத்து நாற்காலியில் இருந்த அவள் கணவர் வீரமுத்து நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"தோட்டத்துப் பக்கமே போவாதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேன் டாக்டர். கேட்டாத்தானே லா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதுகை இரண்டாம் தடவை அறுப்பது எல்லாருக்கும் ஒத்துவராது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் திறந்தால் பழைய வலியோடு புது வலியும் சேர்ந்துகொள்ளும். நரம்பைச் சுற்றித் தழும்பு படர்ந்திருந்தால் கத்தியால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. இவள் விஷயத்தில் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆடுவதை எடுத்துவிட்டு வேறு போட்டு, எலும்பை மறுபடி ஒட்டவைக்கலாம். முதல் தடவையைவிடச் சிரமம்தான். வலி முழுக்கப் போகும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நடக்கலாம், உட்காரலாம், ராத்திரி புரண்டு படுக்கலாம்.

"செஞ்சிடுங்க டாக்டர்," என்றார் வீரமுத்து.

அவர் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாகக் காவல் வேலை பார்க்கிறார். லுக்குட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மோட்டாரில் போய் வருகிறவர். இப்போதெல்லாம் வேலைக்குக் கிளம்பும் முன் சமைத்து வைத்துவிட்டு, அவள் முதுகுக்குத் தைலமும் தேய்த்துவிட்டுத்தான் போகிறார்.

"பையனும் போயிட்டான். எனக்குன்னு இருக்கறது இவ ஒருத்திதான்."

டாக்டருக்கு அது தெரியாது. வருத்தத்தோடு நிமிர்ந்து பார்த்தார்.

மோட்டார் விபத்தில் கழுத்து எலும்பு உடைந்து, படுத்த படுக்கையாகக் கிடந்த மகன் திருச்செல்வத்தைப் பற்றி வீரமுத்து சுருக்கமாகச் சொன்னார். சாவு வீட்டுக்கு வந்த எல்லாரிடமும் சொன்னதை டாக்டரிடமும் சொன்னார்.

"கஷ்டப்படல டாக்டர். தூக்கத்துலயே போயிட்டான்."

அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் கொஞ்சம் தெளியும். பஞ்சாலை அதைக் கவனித்திருக்கிறாள்.

"இந்தத் தடவயும் முழு மயக்கந்தானா?" என்று அவள் கேட்டாள்.

ஆமாம் என்றார் டாக்டர். பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

வீரமுத்து சிரித்துவிட்டார். மகன் போன பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது குறைவு.

"போன தடவ மயக்கம் தெளியறப்ப எல்லாத்தையும் கொட்டிட்டா டாக்டர். ஒருக்கா நான் குடிச்சிட்டு வந்தப்ப மோட்டார் சாவிய அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சது வரைக்கும். கேக்கக் கேக்கப் பதில் சொல்றா."

டாக்டரும் சிரித்தார். சிலர் அப்படிப் பேசுவார்கள், விழித்த பிறகு அவர்களுக்கே ஞாபகம் இருக்காது என்றார்.

பஞ்சாலை சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"செஞ்சிக்கிறேன். ஆனா நான் கண்ணு முழிக்கிறப்ப இவரு பக்கத்துல இருக்கக் கூடாது."



வீரமுத்துவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, மெல்ல வடிந்தது. ஏன் என்று அவர் கேட்கவில்லை. மடியில் இருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவரை அவள் விலகி இருக்கச் சொன்னதே இல்லை.

டாக்டர் ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டி, நர்ஸிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னார்.

பஞ்சாலை கணவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் சொல்லிவிடுவாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தோட்டத்துப் பக்கம் போகவே இல்லை. எந்தச் சாக்கையும் தொடவில்லை.

மகன் போன அன்று வலி மாத்திரையின் அசதியில் அடுத்த அறையில் தூங்கிப்போயிருந்தாள். வெயில் ஏறி விழித்துப் போய்ப் பார்த்தபோது திருச்செல்வம் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில் குப்புறக் கிடந்தான். உடம்பு ஆறியிருந்தது.

முகம் தரையில் அழுந்தியிருந்தது. மூச்சுக்காக அவன் எவ்வளவு நேரம் போராடினான் என்று அவளுக்குத் தெரியாது.

காலையில் அவனைப் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வேலைக்கு ஓடிய அவசரத்தில், வீரமுத்து கட்டிலின் பக்கத் தடுப்பை ஏற்ற மறந்திருந்தார்.

அவள் குனிந்து, வளர்ந்த பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். முதுகுக்குள் ஏதோ விண்ணென்று தெறித்தது. விடவில்லை. கட்டிலில் கிடத்தி, முகத்தைத் துடைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டாள்.

தடுப்பை ஏற்றிக் கொக்கியை மாட்டினாள்.

அதன் பிறகுதான் வீரமுத்துவுக்குப் போன் செய்தாள்.