சாரத்தில் தொங்கும் ஃபோன்

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய் கடன் பாக்கி. அதற்காகத்தான் சாரக்கம்பில் தொங்கும் பிளாஸ்டிக் பைக்குள் என் ஃபோன் காலையிலிருந்து துடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இரண்டு கையிலும் ஈரக் கலவை. பைக்குள் வெளிச்சம் எரிகிறது, அணைகிறது, மறுபடி எரிகிறது. கடன் கம்பெனிக்காரர்களின் நம்பர்களுக்கெல்லாம் ‘எடுக்காதே’ என்றே பெயர் போட்டிருக்கிறேன். எழுத்துக் கூட்டப் பழகிய பிறகு ஃபோனில் நானாக அடித்த முதல் வார்த்தை அதுதான். “என்ன தம்பி, மாமியார் விட மாட்டேங்கறாங்க போல” என்று சட்டியை நீட்டியபடி சித்தாள் அக்கா சிரிக்கிறாள். நான் கரண்டியை அழுத்திச் சுவரைத் தேய்க்கிறேன். ஃபோன் அடங்குகிறது. அடங்கினால் அடுத்து வேறு யாரையாவது கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். கடன் வாங்கும்போது தெரிந்தவர் நம்பர் கேட்டார்கள், மேஸ்திரி நம்பரைக் கொடுத்துவிட்டேன். கடன் தொல்லை உள்ள ஆளை அவர் சாரத்தில் ஏற்றுவதில்லை. போன மாதம்கூட ஒருவனைக் கணக்கு முடித்து அனுப்பினார். இதோ, கீழே மேஸ்திரியின் ஃபோன் அடிக்கிறது. மணல் குவியலில் கால் புதைய நின்று காதில் வைக்கிறார். “ஆமா, என் ஆளுதான்” என்கிறார். நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். சுவரில் அப்பிய கலவை நழுவி என் பாதத்தில் விழுகிறது. மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் ஃபோனைக் குத்திக் குத்தி அழுத்துகிறார். வெகு நேரம் ஆகிறது. “உன் கடனைக் கட்டியாச்சுடா” என்று மேலே பார்த்துச் சொல்கிறார். “இனிமே அவனுங்க கூப்பிட மாட்டானுங்க. நான்தான் கூப்பிடுவேன். லீவு நாளானாலும் எடுத்து வேலைக்கு வரணும்.”